பெட்ரோல் முள்: அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 7, செவ்வாய்

சேரன்மகாதேவியைத் தாண்டியதும் முள் விழுந்தது. கால்பாகத்துக்குச் சற்று மேலே நின்றுகொண்டிருந்தது, படிப்படியாக இறங்காமல், நூல் அறுந்த பட்டம்போல் அப்படியே அடியில் போய்ப் படுத்துவிட்டது. வீரவநல்லூரில் வழக்கம்போல் 500 ரூபாய்க்குப் போட்டேன். முள் எழுந்துகொண்டது. அம்பாசமுத்திரம் போய்ச் சேரும்வரை சாலையைவிட அதையே அதிகம் பார்த்திருப்பேன்.

அக்டோபர் 8, புதன்

அழைப்பு இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

டேங்க்கின் கொள்ளளவு 35 லிட்டர். இந்தக் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது. ஆகவே முள்ளை மறந்துவிட்டு, ஓடிய தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டரை நம்பலாம் என்று பகலில் முடிவு செய்தேன். இரவில் அந்த முடிவு நிற்கவில்லை. இரண்டு மணிக்கு அழைத்தால் வண்டியை எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் வழியில் எந்தப் பங்க் திறந்திருக்கும் என்று யார் சொல்வது? பம்ப்பும் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. அதைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். அடிக்கடி வற்றவிட்டால் அதுவும் போய்விடும்.

இன்றைய வேடிக்கை: ஒரு வளைவில் திரும்பியபோது முள் கால்பாகத்துக்கு எழுந்து, நேர்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் விழுந்தது. உள்ளே பெட்ரோல் அலம்பினால் எழுகிறது என்றால், பெட்ரோல் மீட்டர் செத்துவிடவில்லை என்றுதான் பொருள்.

அக்டோபர் 10, வெள்ளி

பின்சீட்டைத் தூக்கி, அதன் கீழிருந்த மூடியைத் திறந்து, டேங்க்கின் மேலிருக்கும் கனெக்டரைக் கழற்றினேன். இக்னிஷனைப் போட்டு, மீட்டருக்குப் போகும் ஒயரைச் சில விநாடிகள் மட்டும் பாடியோடு தொட்டுப் பிடித்ததும், முள் நிதானமாக ஏறி 'ஃபுல்' கோட்டைத் தொட்டது. மீட்டரும் சரி, ஒயரும் சரி. எர்த் ஒயரின் மின்தடையையும் பார்த்தேன்: 0.4 ஓம், குறையில்லை. (எர்த் துருப்பிடித்திருந்தாலும் முள் இதே போலப் பிதற்றும், அதைப் பார்க்காமல், டேங்க்குக்குள் அளவு பார்த்து மீட்டருக்குச் சொல்லும் யூனிட்டை மாற்றிவிட்டு விழித்தவர்கள் உண்டு.) பிறகு இக்னிஷனை அணைத்து, மல்டிமீட்டரை யூனிட்டின் முனைகளில் வைத்துக்கொண்டு, தம்பியைப் பின்பக்கம் நின்று காரைக் குலுக்கச் சொன்னேன். 73 ஓம், பிறகு ஒன்றுமில்லை, பிறகு 90, மறுபடியும் ஒன்றுமில்லை. என் காரில் டேங்க் காலியாக ஆக ஓம் கூடும். இணைப்பே அறுந்துபோனால், முழுக்கக் காலி என்று மீட்டர் எடுத்துக்கொள்ளும். சில கார்களில் இது தலைகீழாக இருக்குமாம்.

இவ்வளவு தெளிவாக ஒரு பதில் கிடைத்து எத்தனை நாளாகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

மெக்கானிக் அண்ணாச்சி, "பம்ப்போட சேர்த்து மொத்தமா மாத்திருவோம் தம்பி" என்றார். அதற்கு 6,500 ரூபாய். மிதவையும் அதன் கம்பியும் மின்தடைத் தகடும் சேர்ந்த பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கிறது என்று இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்து, சென்னையிலிருந்து 900 ரூபாய்க்கு வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல பம்ப்பைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

அக்டோபர் 15, புதன்

பார்சல் வரவில்லை. அழைப்பும் வரவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்று மாலை வந்தது. இன்று காலை மாற்றினேன்.

டேங்க்கில் ஆறு லிட்டர்தான் இருக்கும்படி முன்பே ஓட்டி வைத்திருந்தேன். பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயின் அழுத்தம் இறங்கிவிடும். அதன்பின் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும். ஷெட்டுக்குள் செய்யவில்லை, திறந்த முற்றத்தில் செய்தேன், ஏனென்றால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கிக்கொண்டு பொறிக்காகக் காத்திருக்கும். மேலிருந்த மண்ணையெல்லாம் துடைத்த பிறகு, பூட்டு வளையத்தைப் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டித் திருப்பினேன். இரும்பால் தட்டினால் பொறி பறக்கலாம். யூனிட்டைச் சாய்த்துச் சாய்த்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. மிதவைக் கம்பி வளைந்துவிட்டால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே பெட்ரோல் புகவில்லை. குற்றம் தகட்டில்தான். மிதவைக் கம்பியின் முனை உரசிச் செல்லும், நெடுகிலும் பளபளவென்றிருந்த அந்தக் கறுப்புத் தடத்தில் ஒரே ஓர் இடம் மட்டும், விரல்நக அகலத்துக்கு, அடிவரை தேய்ந்து வெளுத்திருந்தது. ஓமை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன்: ஏழு லிட்டருக்கும் பன்னிரண்டு லிட்டருக்கும் இடைப்பட்ட பகுதி. 500 ரூபாய்க்கு ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். இத்தனை ஆண்டுகளாக நான் போட்டதும் தீர்த்ததும், மறுபடி போட்டதும் தீர்த்ததும் அந்த ஐந்து லிட்டருக்குள்ளேயேதான். எத்தனால் கலப்பால் வந்தது என்று அண்ணாச்சி சொன்னதை நான் பாதி நம்பியிருந்தேன்.

புதியதைப் பொருத்துமுன் கம்பியைக் கையால் மெல்ல உயர்த்தி அளந்தேன்: அடியில் 110, உச்சியில் 4, இடையில் எங்கும் அறவில்லை. கசிவைத் தடுக்கும் பழைய ரப்பர் ஓ-ரிங் ஊறிப் பருத்திருந்தது, புதியதைப் போட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஐந்து ஐந்து லிட்டராக இரண்டு தடவை ஊற்றி, முள் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டேன். பழையதைவிட ஒரு மயிரிழை தாழ்வாகக் காட்டுகிறது. அப்படியே இருக்கட்டும். குறைத்துச் சொல்வதை மன்னிக்கலாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. மூன்று முறை பின்சீட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன்; பெட்ரோல் வாசனை இல்லை. கார் மீது ஒரு பொறியும் விழாமலிருக்க இரவு பத்து மணிவரை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

மேலப்பாளையம், பத்தமடை, சேரன்மகாதேவி. பன்னிரண்டு லிட்டரைத் தாண்டி இறங்கியிருக்க வேண்டும். முள் விழவில்லை. திரும்பும்போதும் விழவில்லை.

நாளை விடியுமுன் வந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். வண்ணார்பேட்டையில் 2,500 ரூபாய்க்குப் போடச் சொன்னேன். பங்க் பையன் தொகையை இரண்டாவது முறை கேட்டுக்கொண்டு பிறகுதான் அழுத்தினான்.