விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு தேதி

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததிலிருந்து, எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் விரிசலைத்தான் தேடுகிறது.

கடலூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், ஜன்னலின் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஏறியிருந்த விரிசலைப் பூசி மறைத்துவிடலாம் என்றார் கொத்தனார். நான் சம்மதிக்கவில்லை, பூசிவிட்டால் சுவர் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பது தெரியாமலே போய்விடும். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் பதித்து, பக்கத்தில் பென்சிலால் தேதியையும் விரிசலின் அகலத்தையும் குறித்து வைத்தேன். ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு பார்த்தபோது கண்ணாடி குறுக்காக உடைந்திருந்தது.

அதற்காக உடனே அஸ்திவாரம் போய்விட்டது என்று பதறத் தேவையில்லை. களிமண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், பருவத்தோடு விரிந்து மூடும் விரிசலும் உண்டு. மூடாமல் அகன்றுகொண்டே போவதுதான் அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்குவதைக் காட்டும். இரண்டையும் பிரித்தறிய ஓராண்டு அளவுகளாவது வேண்டும். (மாடியில் கம்பியின் போக்கிலேயே ஓடும் விரிசல் வேறு கதை, உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பருக்கும் கம்பி கான்கிரீட்டைப் பிளக்கிறது.)

நேற்று இரண்டாவது கண்ணாடியைப் பதித்திருக்கிறேன். சித்திரையில் மறுபடியும் அளக்க வேண்டும்.