மூன்று மணிகள் கோத்த கயிறும் வளர்ந்தவர்களின் இரு கண் பார்வையும்

மாறுகண்ணோடு வளர்ந்தவர்களிடம் "சின்ன வயசுலேயே பார்த்திருக்கணும், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. மூளை ஆய்வாளர்களான ஹூபெலும் வீசலும் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்துச் செய்த ஆய்வுதான் இதற்கு வேர். குட்டிப் பருவத்தில் மூளை இணைப்புகள் எவ்வளவு எளிதில் கெடும் என்பதை அது காட்டியது, உண்மைதான். ஆனால் வளர்ந்த மனிதர் எவருக்கும் எதுவும் மீளாது என்று அதை நீட்டியது அதிகப்படி. கைக்குழந்தையிலிருந்தே மாறுகண் இருந்த நரம்பியல் அறிஞர் சூசன் பாரிக்கு 48 வயதில், பயிற்சிக்குப் பிறகு, ஆழம் (எது அருகில், எது தள்ளி என்பது) இரு கண்ணாலும் தெரிய ஆரம்பித்தது.

அவர் பழகியவற்றில் ஒன்று பிராக் கயிறு. சுமார் 3 மீட்டர் வெள்ளைக் கயிறு, அதில் நகர்த்தக்கூடிய மூன்று வண்ண மணிகள், அவ்வளவுதான். ஒரு முனையைக் கண் மட்டத்தில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக் கயிற்றை விறைப்பாக வைக்கவும். மணிகளை 40 செ.மீ., 1 மீ., 2 மீ. தொலைவில் நிறுத்தலாம்.

நடு மணியைப் பாருங்கள். அது ஒன்றாகவும் மற்ற இரண்டும் இரட்டையாகவும் தெரிய வேண்டும். கயிறும் இரண்டாகி, பார்க்கும் மணியிலேயே குறுக்கிட வேண்டும். மணிக்கு முன்னால் குறுக்கிட்டால் கண்கள் அளவுக்கு மீறி உள்ளே திரும்புகின்றன. பின்னால் என்றால் போதிய அளவு திரும்பவில்லை. ஒரே கயிறு தெரிந்தால் மூளை ஒரு கண்ணை அடக்கிவைத்திருக்கிறது. எந்தக் கண்ணை என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். மணிக்கு இப்பால், வலப்பக்கமாகத் தெரியும் கயிறு இடக்கண் காண்பது. அது மறைந்தால் அடங்கியது இடக்கண். அப்போது வேகமாகக் கண் சிமிட்டுங்கள், கயிற்றை லேசாக அதிரவிடுங்கள், மணியை விரலால் தொடுங்கள். அசைவும் தொடுதலும் அடங்கிய கண்ணை எழுப்ப உதவும். ஒவ்வொரு மணியிலும் ஐந்து விநாடி நின்று அடுத்ததற்குத் தாவுங்கள். நாளுக்குச் சில நிமிடம் போதும்; தலைவலி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

கணினி விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. 2013-இல் பார்வை ஆய்வாளர் ராபர்ட் ஹெஸ் குழு, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டின் கட்டங்களை இரு கண்ணுக்கும் பிரித்துக் காட்டி, ஒரு கண் பார்வை மங்கிய (சோம்பல் கண்) வளர்ந்த 18 பேரிடம் இரண்டே வாரத்தில் முன்னேற்றம் கண்டது. பிறகு நடந்த பெரிய ஆய்வொன்றில், வீட்டில் ஆடிய இத்தகைய விளையாட்டு போலிச் சிகிச்சையை விஞ்சவில்லை. அதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம் என்பேன்.

இதைவிட முக்கியமான ஒன்று. அடக்குதல் மூளை தேடிக்கொண்ட பாதுகாப்பு. இரு கண்ணின் படங்களையும் ஒன்றாக்கும் திறனே இல்லாதவரிடம் அதை உடைத்தால், மிஞ்சுவது தீராத இரட்டைப் பார்வை. ஆகவே கயிற்றை எடுக்கும் முன், பட்டகக் கண்ணாடியாலோ சினாப்டோஃபோர் என்ற சோதனைக் கருவியாலோ கண்களை நேராக்கினால் படங்கள் இணைகின்றனவா என்று கண் மருத்துவரோ ஆர்த்தாப்டிஸ்டோ (இரு கண் இயக்கக் கோளாறுகளைப் பார்க்கும் நிபுணர்) சோதிக்கட்டும். இணையவில்லை என்றால் இந்தப் பயிற்சியைத் தொட வேண்டாம். பழகத் தொடங்கியபின் நடக்கும்போதோ படிக்கும்போதோ இரட்டையாகத் தெரிந்தால், அன்றே நிறுத்திவிட்டு அவரிடம் போங்கள்.