பிறப்புப் பதிவு இல்லை என்பதற்கு ஒரு சான்று

மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு எங்கள் இருவரையும் கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்வதாகச் சொன்னாள். குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு 21 வயது முடிந்திருந்தால் போதும், பெற்றோருக்கு வருட ஒதுக்கீடு, காத்திருப்போர் வரிசை எதுவும் கிடையாது. அண்ணன் தம்பிக்குப் போடுகிற எஃப்4 மனுவில் நம் நாட்டுக்காரர்கள் பதினைந்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எங்களுடையது அதிர்ஷ்டம்தான். அமெரிக்கப் பக்கம் பெரிதாகத் தொந்தரவு இல்லை. பாடாய்ப் படுத்தியதெல்லாம் நம்மூர்க் காகிதங்கள்.

உறவினரை அழைத்துக்கொள்ளப் போடும் ஐ-130 மனு அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தனித்தனி. இரண்டுக்கும் மகளின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் தாயின் பெயர் ‘ராஜம்’. பாஸ்போர்ட்டில் ராஜலட்சுமி. 1984இல் பிரசவ ஆஸ்பத்திரியில் யாரோ கூப்பிட்ட பெயரை எழுதிவிட்டார்கள். “நாற்பது வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப வந்து திருத்தச் சொல்றீங்களே சார்” என்றார் நகராட்சி எழுத்தர். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி இணைத்தால் போதும் என்று ஒரு ஏஜென்ட் சொன்னார். மகள் கேட்கவில்லை, மூலத்திலேயே திருத்து என்றாள். பழைய வரியை அடிக்க மாட்டார்கள். பதிவாளர் அதை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் சரியான பெயரை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார். சட்டம் அப்படி. அந்த ஒரு ஓரக்குறிப்புக்காக அவருடைய மேஜை முன்னால் நின்ற நேரத்தில் ஒரு தீபாவளி கடந்து போனது.

தந்தைக்கான மனுவுக்குத் திருமணச் சான்றிதழும் தேவை. 1981இல் கோயிலில் கல்யாணம் செய்தவர்கள் யார் பதிவு செய்தார்கள்? சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணப் பத்திரிகை கேட்டார்கள். மஞ்சள் தடவிய மூலையோடு அதைப் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள் என் மனைவி. வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் புதுமாப்பிள்ளைகள். அன்றைக்கு வேலை ஒரே நாளில் முடிந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

மனுவுக்கு ஒப்புதல் வந்து, நேர்காணலுக்கு முன் காகிதங்களைச் சரிபார்க்கும் அமெரிக்க அலுவலகமான நேஷனல் விசா சென்டருக்குக் கோப்பு போனது. ஆளுக்கு 325 டாலர் விசாக் கட்டணம், டிஎஸ்-260 என்கிற விசா விண்ணப்பப் படிவம், அப்புறம் காகிதங்களை ஏற்ற வேண்டும். அங்கேதான் மாட்டினோம். மனைவி 1958இல் தன் அம்மா ஊரில், வீட்டிலேயே பிறந்தவள். நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல்தான் வந்தது. பதிவு இல்லாவிட்டால் ‘பதிவு இல்லை’ என்று அதிகாரி எழுதித் தரும் நான்-அவைலபிலிட்டி சான்று வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர், பழைய புத்தகமெல்லாம் தாலுகாவுக்குப் போய்விட்டது என்றார். தாலுகாவில் சார்பதிவாளரைப் பாருங்கள் என்றார்கள். அவர் திரும்ப விஏஓவிடமே அனுப்பினார். கடைசியில் தாலுகா எழுத்தர் ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: “பொறந்ததே பதிவாகலைங்கறீங்க. பதிவாகாத ஒண்ணை நான் எதை வெச்சு இல்லைன்னு எழுதறது?”

வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் மனு கொடுத்தேன். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். முத்திரை விழுந்ததும் அவர்கள் பேசும் தொனியே மாறியது. பரணிலிருந்து பதிவேட்டை இறக்கினார்கள். செல்லரித்த ஓரம், பழுப்பேறிய தாள். பல வரிகளில் குழந்தைக்குப் பெயரே இல்லை; தகப்பன் பெயர், எதிரே ‘பெண்’ அல்லது ‘ஆண்’, அவ்வளவுதான். என் மாமனார் பெயர் எங்குமே இல்லை. இல்லை என்பதில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அப்படி வாங்கிய சான்றும் விசா சென்டரிலிருந்து திரும்பி வந்தது. ‘மேற்படி ஆண்டில் பதிவு காணப்படவில்லை’ என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். ஆளின் பெயர், பிறந்த தேதி, ஊர், அப்பா அம்மா பெயர், தேடிப் பார்த்தும் பதிவு கிடைக்கவில்லை என்கிற வாக்கியம், இத்தனையும் ஒரே தாளில் இருக்க வேண்டும். நீங்களே வாசகத்தைத் தட்டச்சு செய்து மனுவோடு இணைத்துவிடுங்கள். பெரும்பாலும் அதையே பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பும்போதும் அந்தப் பக்கத்தில் மறுபடி வாரக்கணக்கில் காத்திருப்பு.

சான்றோடு, பிறந்ததை அறிந்த மூத்த உறவினர் ஒருவரின் அஃபிடவிட்டும் வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூத்த உறவினரை எங்கே போய்த் தேடுவது? நல்லவேளை, மனைவியின் அத்தை நினைவு தப்பாமல் இருந்தார். நோட்டரி தேதியை வாசித்ததும், “தேதி எனக்கு என்னடா தெரியும்? அன்னிக்குக் கிணறு வழிய மழை, மருத்துவச்சி முழங்கால் தண்ணியில வந்தா” என்று ஆரம்பித்துவிட்டார். நோட்டரி சிரித்துக்கொண்டே கைநாட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மனு போட்ட அன்றே இதை எழுதி வாங்கிவிடுங்கள்.

இனிஷியல் விஷயமும் உண்டு. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் சர்நேமாகி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். அங்கே வங்கியில், ஓட்டுநர் உரிமத்தில் எல்லாம் அதுவே உங்கள் பெயராகத் தொடரும். மனுவுக்கு முன்பே அப்பா பெயரை விரித்து, சர்நேமைப் பிரித்துப் புது பாஸ்போர்ட் வாங்கிவிடுவது நல்லது. போலீஸ் கிளியரன்ஸும் பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே கிடைக்கிறது. எங்களுக்குச் சிக்கலில்லாமல் வந்தது.

மருத்துவப் பரிசோதனை சென்னையில், தூதரகப் பட்டியலில் உள்ள மருத்துவரிடம். மனைவிக்கு அரை நாளில் முடிந்தது. என் எக்ஸ்-ரேயில் நுரையீரலில் ஏதோ பழைய தழும்பு. உடனே காசநோய்ச் சந்தேகம். அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் சளி கொடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். கேட்டாலும் கெஞ்சினாலும் கிருமி வேகமாக வளராது. நேர்காணலைத் தள்ளிப் போட்டோம், நேர்காணலுக்குப் போக எடுத்திருந்த விமானக் கட்டணத்தில் ஒரு பகுதி போனது. எப்போதோ நெஞ்சுச்சளி, காசநோய் வந்திருந்தால் டிக்கெட்டை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

சென்னை ஜெமினி மேம்பாலத்தின் அருகிலேயே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்தாலும் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில்தான். பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இரண்டு கோப்புகளோடு போய் நின்றோம். மகள் என்ன வேலை செய்கிறாள், வேறு பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார் அதிகாரி. அந்த நான்-அவைலபிலிட்டியை இரண்டு விநாடி பார்த்திருப்பார். ‘அப்ரூவ்டு’ என்றார். மனைவி வெளியே வந்ததும் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடைபாதைத் திண்டில் உட்கார்ந்துகொண்டாள்.

எங்களைப் பார்த்து விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: பெற்றோர் மனுவில் அந்தப் பிள்ளையின் கல்யாணமாகாத தம்பி தங்கையைச் சேர்த்து அழைத்துப் போக முடியாது, அவர்களுக்குத் தனி மனு. பிள்ளை கையெழுத்திடும் ஐ-864 என்கிற ஆதரவு உறுதிமொழிப் படிவம் வெறும் சம்பிரதாயம் இல்லை. நீங்கள் குடியுரிமை பெறும்வரை அல்லது 40 காலாண்டு (பத்து வருஷ) உழைப்புக் கணக்கு சேரும்வரை உங்களைத் தாங்கும் சட்டப் பொறுப்பு அவர்களுடையது. மருமகனும் படித்துப் பார்த்துவிடுவது நல்லது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குப் பணம் கட்டிச் சேரவே அங்கே தொடர்ந்து ஐந்து வருஷம் வசித்திருக்க வேண்டும். எங்களுக்கு இன்னும் அமெரிக்கா போக டிக்கெட் எடுக்கவில்லை; அதற்கு முன் மகள் இன்ஷூரன்ஸ் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.