மோனோகிராம் பாடம்: பென்சிலோடு படியுங்கள்

வடிவமைப்பு வரலாற்றுத் தேர்வில் மோனோகிராம் பகுதியை நான் படித்த முறையைக் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது, பென்சிலை எடுங்கள் என்பதுதான். வாசித்து மனப்பாடம் செய்தால் இந்தப் பாடம் நிற்காது. எந்தக் கோடு எந்த எழுத்துக்குரியது என்று கையால் பிரித்து வரைந்து பார்த்த பிறகே எனக்குப் பிடிபட்டது.

வரையறையில் தெளிவாக இருங்கள். பெயரின் முதலெழுத்துகளை அடுத்தடுத்து எழுதினால் அது வெறும் சுருக்கம். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னி நின்றாலும் ஒவ்வொன்றும் முழுதாக இருந்தால் சைஃபர். ஒரே கோட்டை இரண்டு எழுத்துகள் பகிர்ந்துகொண்டு ஒரே உருவாகிவிட்டால்தான் கறாரான பொருளில் மோனோகிராம். பேச்சில் எல்லாவற்றையும் மோனோகிராம் என்றே சொல்கிறோம்; விடைத்தாளில் பிரித்துக் காட்டுவது நல்லது.

தோற்றத்துக்குக் கிரேக்க நாணயங்களிலிருந்து தொடங்கலாம். நாணயத்தில் இடம் குறைவு, வெளியிட்டது யார் என்பதும் தெரிய வேண்டும். அதனால் நகரங்கள் பெயரின் முதலெழுத்துகளை இணைத்துப் பொறித்தன. பண்டைய கிரேக்க நகரங்களின் கூட்டணியான அக்கேயக் கூட்டமைப்பின் நாணயங்களில் ஆல்ஃபா (Α) என்ற கிரேக்க எழுத்தும், எக்ஸ் போலிருக்கும் ‘கை’ (Χ) என்ற கிரேக்க எழுத்தும் ஒட்டி நிற்கும். அதே ‘கை’, ‘ரோ’ (Ρ) என்ற எழுத்துடன் சேர்ந்து கிறிஸ்துவின் பெயரைக் குறித்தது, கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் கொடியில் ஏறியது.

எனக்கு மிகவும் பிடித்தது, இடைக்கால ஐரோப்பாவின் ஃபிராங்கிய மன்னர் சார்லமேனின் மோனோகிராம். இதை மட்டுமாவது வரைந்து பாருங்கள். கரோலஸ் (KAROLUS) என்ற அவருடைய லத்தீன் பெயரின் மெய்யெழுத்துகள் கே, ஆர், எல், எஸ் நான்கும் சிலுவையின் நான்கு முனைகளில் இருக்கும். உயிரெழுத்துகள் மூன்றும் நடுவிலுள்ள சாய்சதுரத்துக்குள் அடக்கம்: முழு வடிவம் ஓ, மேல்பாதி ஏ, கீழ்ப்பாதி அக்கால யு, அதாவது வி. எழுத்தர் எல்லாவற்றையும் வரைந்துவைப்பார். மன்னர் நடுவில் சிறு கோடு இழுத்தால் ஆவணம் செல்லும். முதிய வயதில் எழுதப் பழக முயன்றும் பெரிதாகக் கைகூடாத ஒரு மன்னருக்கு எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு!

கலைஞர்களில் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் போதும். அவருடைய குறி, அகன்ற ஏ எழுத்தின் கால்களுக்கிடையே டி. அவருடைய மரச்செதுக்குப் படங்களை இத்தாலியரான மார்கன்டோனியோ ரைமோண்டி அந்தக் குறியோடு சேர்த்தே நகலெடுத்தார். டியூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டதாகவும், பெயரையும் குறியையும் போடக்கூடாது என்ற அளவில் மட்டுமே தீர்ப்பு கிடைத்ததாகவும், கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். படத்தைவிடக் குறிக்குப் பாதுகாப்பு கிடைத்த கதை இது. பெரிய கேள்விக்கு இதையே நடுவில் வையுங்கள்.

அரச குறிகளை நீட்ட வேண்டாம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் எதிரெதிரான இரண்டு எல், விக்டோரியா மகாராணியின் வி-ஆர் (விக்டோரியா ரெஜினா, அதாவது அரசி விக்டோரியா) இரண்டும் போதும். வணிகப் பயன்பாட்டைக் கேட்டால் லூயி விட்டோன் என்ற பயணப்பெட்டி நிறுவனத்துக்காக 1896இல் ஜார்ஜ் விட்டோன் உருவாக்கிய, பெட்டிகளின் மேல் ஒட்டும் துணியை எழுதி, போலிகளைத் தடுக்கவே அது வந்தது என்று டியூரரோடு இணைத்துக் காட்டுங்கள். கூடவே அதிலுள்ள எல்லும் வியும் தனித்தனிக் கோடுகளோடு நிற்பதைப் படமாக வரைந்து, மேலே சொன்ன வரையறைப்படி அது சைஃபர் வகை என்று ஒரு வரி சேருங்கள்.