சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை: அம்மாவின் செவிப்புலன் பரிசோதனை

"சத்தம் கேக்குது தம்பி, கதைக்கிறதுதான் விளங்குதில்லை" என்று அம்மா முதன்முதலில் சொன்னபோது நான் அதை மனத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. ரயில் கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் அம்மா தலையை நிமிர்த்திப் பார்ப்பார். கீழ்வீட்டுக் கேற் திறக்கும் ஓசையும் அவருக்குத் தெரியும். ஆனால் ரொறன்ரோவிலிருந்து தங்கையின் மகள் தொலைபேசியில் "அம்மம்மா" என்று தொடங்கிப் பள்ளிக்கூடக் கதை சொன்னால், அவர் சிரித்துக்கொண்டே வேறு எதற்கோ பதில் சொல்லுவார். ரயிலைக் கேட்கிறவருக்குப் பிள்ளையின் பேச்சு ஏன் கேட்காது, கவனம்தான் குறைந்துவிட்டது என்று நானாகவே முடிவு செய்துகொண்டு ஏறத்தாழ இரண்டு வருடங்களை வீணாக்கினேன். அம்மா சொன்ன அந்த ஒரு வரியிலேயே அவருடைய குறைபாட்டின் முழு விவரமும் இருந்தது என்பதை முறையான செவிப்புலன் பரிசோதனை ஒன்றைப் பார்த்த பின்னரே அறிந்தேன். பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணியிருப்பவர்களுக்கும், தமக்கே போக வேண்டியிருந்து தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் அங்கே என்ன நடக்கும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்னர் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பரிசோதனைக்கு முந்திய 14 தொடக்கம் 16 மணித்தியாலங்களாவது உரத்த ஒலிகளிலிருந்து விலகியிருப்பது நல்லது, ஏனெனில் பேரொலியைக் கேட்ட காது சில மணித்தியாலங்களுக்குத் தற்காலிகமாக மந்தமாகிவிடும். ஆடிவேல் தேருக்கு முன்னால் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் அருகே நின்றுவிட்டு மறுநாள் காலை பரிசோதனைக்குப் போவது சரியாகாது. பஞ்சுக் குச்சியால் காதைத் துடைப்பதையும் எண்ணெய் விடுவதையும் தவிர்க்க வேண்டும். குச்சி பெரும்பாலும் காதுக்குறும்பியை வெளியே எடுப்பதில்லை, உள்ளே தள்ளி இறுக்கிவிடுகிறது. அம்மா எடுக்கும் மருந்துகளின் பட்டியலை நான் எழுதிக்கொண்டு போனேன். காசநோய்க்கு முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், கடும் தொற்றுகளுக்குக் கொடுக்கப்படும் ஜென்ரமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் போன்றவை உட்காதைப் பாதிக்கக்கூடியவை என்பதால், பழைய நோய்களைப் பற்றியும் கேட்பார்கள்.

உண்மையில் பரிசோதனை கேள்விகளுடன்தான் தொடங்குகிறது. தலைச்சுற்று உண்டா, காதுக்குள் இரைச்சல் உண்டா, சீழ் வடிந்ததுண்டா, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் கேட்டல் குறைவு இருந்ததா, குறைவு மெல்ல மெல்ல வந்ததா அல்லது ஒரே நாளில் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்த அந்தச் செவிப்புலன் நிபுணர், "பெரிய சத்தங்களுக்குக் கிட்ட இருந்திருக்கிறீங்களா அம்மா?" என்றும் கேட்டார். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வேலியோரம் ஷெல் விழுந்த நாளைப் பற்றியும், அதன் பின்னர் இடது காதில் இரண்டு மூன்று நாட்களாகக் கூவென்ற ஓசை கேட்டுக்கொண்டே இருந்ததைப் பற்றியும் சொன்னார். அந்த ஷெல்லைப் பற்றி எனக்குத் தெரியும். காதைப் பற்றி எனக்குத் தெரியாது. வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் காலத்தில் வாழ்ந்த எத்தனையோ பேரிடம் எவரும் கேட்காமலே விட்டிருக்கும் கேள்வி அது. எவரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

அடுத்து, சிறு விளக்குப் பொருத்திய கருவியால் இரு காதுகளின் உள்ளேயும் பார்த்தார். குறும்பி அடைத்திருந்தால் அதை அகற்றிய பின்னரே மேலே செல்வார்கள். பிறகு காதுத் துவாரத்தில் மென்மையான ரப்பர் முனை ஒன்றைப் பொருத்திக் காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று அளந்தார். விமானம் இறங்கும்போது காது அடைப்பதைப் போன்ற உணர்வு சில விநாடிகளுக்கு இருக்கும், வலி இருக்காது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தாலோ, அதில் துளை இருந்தாலோ இந்தப் பரிசோதனையில் வெளிப்பட்டுவிடும். அம்மாவுக்கு அவ்வாறு எதுவும் இருக்கவில்லை.

அதன் பிறகு ஒலி புகாதவாறு அமைத்த சிறிய அறைக்குள் அம்மாவை இருத்தி, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அழுத்த வேண்டும், சொல்லிக்கொடுப்பது அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்த எனக்கு அம்மாவின் முகம் சோதனை மண்டபத்தில் இருக்கும் மாணவியின் முகத்தைப் போலத் தெரிந்தது. இடைவேளையில் வெளியே வந்து, "கன நேரம் ஒண்டும் கேக்கேல்லை, நான் பிழை விட்டிட்டேனோ?" என்று கேட்டார். இந்த அச்சம் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும் என்பதால், பரிசோதனை எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

முதலில் 1000 ஹேர்ட்ஸ் சுருதியில் தெளிவாகக் கேட்கும் ஓர் ஒலியைக் கொடுப்பார்கள். பொத்தானை அழுத்தினால் ஒலியை 10 டெசிபெல் குறைப்பார்கள். மீண்டும் அழுத்தினால் மேலும் 10 குறைப்பார்கள். கேட்காத நிலை வந்ததும் 5 டெசிபெல் வீதம் கூட்டிக்கொண்டு வருவார்கள். இவ்வாறு இறங்கியும் ஏறியும், கொடுத்த தடவைகளில் பாதியளவேனும் கேட்கிற மிகக் குறைந்த மட்டத்தைக் கண்டுபிடித்து அதையே அந்தச் சுருதிக்குரிய கேட்டல் எல்லையாகக் குறித்துக்கொள்வார்கள். பிறகு 2000, 4000, 8000 என்று மேலேயும், 500, 250 என்று கீழேயும் இதையே திரும்பச் செய்வார்கள். ஆகவே, நல்ல காது உள்ளவருக்குக்கூட இந்தப் பரிசோதனையில் பல ஒலிகள் கேட்காமல் போகவே செய்யும். கேட்காத இடத்தைத் தேடிப் போவதுதான் அதன் வேலை. ஐயமாக இருந்தாலும் அழுத்தலாம், ஊகித்து அழுத்துகிறாரா என்பதைச் சோதிப்பவர் இடைவெளிகளை மாற்றிப் பார்த்துக் கண்டுகொள்வார். இதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் அவ்வளவு பதற்றப்பட்டிருக்கமாட்டார்.

ஹெட்போனுக்குப் பிறகு, காதின் பின்புற எலும்பின் மேல் அதிர்வு தரும் சிறு கருவியொன்றை வைத்து இதே பரிசோதனையை மீண்டும் செய்தார்கள். அதிர்வு மண்டையோட்டு எலும்பின் வழியாக நேரே உட்காதை அடைகிறது. காதுத் துவாரம், செவிப்பறை, நடுக்காதின் மூன்று சிறிய எலும்புகள் ஆகிய எல்லாவற்றையும் அது தவிர்த்துவிடுகிறது. எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாக மட்டும் குறைவாகக் கேட்டால் தடை பாதையில் இருக்கிறது என்று பொருள். அத்தகைய குறைபாடுகள் பலவற்றை மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ சீராக்கலாம். இரண்டும் ஒன்றாகவே குறைந்திருந்தால் கோளாறு உட்காதில் அல்லது நரம்பில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் பரிசோதிக்கப்படாத மற்றக் காதில், கூரையில் மழை பெய்வது போன்ற ஓர் இரைச்சலை ஓடவிடுவார்கள். அந்தக் காது இந்தக் காதுக்கு உதவாமல் தடுப்பதற்காகவே அது. அதற்குப் பொத்தானை அழுத்தக்கூடாது.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். சுருதி ஒலிகளுக்குப் பின்னர் சொற்களைக் கொண்டு ஒரு பரிசோதனை உண்டு. வசதியாகக் கேட்கக்கூடிய உரப்பில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவார்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்பதை விட்டுவிட்டு, போதிய அளவு உரத்துச் சொன்னால் எவ்வளவு விளங்குகிறது என்பதை அளக்கிற பரிசோதனை இது. நாங்கள் முதலில் சென்ற ஓர் இடத்தில் அம்மாவுக்கு ஆங்கிலச் சொற்களையே கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, ஐம்பது வயதுக்குப் பின்னர் கொழும்புக்கு வந்து, இன்றைக்கும் தமிழிலேயே கனவு காணும் ஒருவர் 25 ஆங்கிலச் சொற்களில் 11 சொற்களைத் திருப்பிச் சொன்னார். அறிக்கையில் 44 வீதம் என்று எழுதப்பட்டது. பேச்சை விளங்கிக்கொள்ளும் திறன் மிகவும் குறைந்துவிட்டது, கருவி போட்டாலும் பெரிய பயன் இராது என்றும் சொல்லப்பட்டது. அம்மா வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இரண்டாவது இடத்தில் தமிழ் பேசும் நிபுணர் ஒருவர், தம் வாயை மறைத்துக்கொண்டு, தமிழில் 25 சொற்களைச் சொன்னார். அம்மா 19 சொற்களைச் சரியாகச் சொன்னார். அது 76 வீதம். காது அதே காதுதான், இடையில் மூன்று வாரங்கள்கூடக் கழியவில்லை. தெரியாத சொல்லை நல்ல காது உள்ளவராலும் சரியாகப் பிடிக்க முடியாது. தெரிந்த சொல்லாக இருந்தால், பாதி ஒலியைக் கேட்டே மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாளைப் பதிவு செய்யும்போதே, சொற்பரிசோதனை தமிழில் நடக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால், அந்தப் பகுதியின் மதிப்பெண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சுருதிப் பரிசோதனை எந்த மொழியிலும் ஒன்றுதான், அதில் குறையில்லை.

முடிவுகளை ஓடியோகிராம் என்ற வரைபடத்தில் குறித்துத் தருவார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் புள்ளடி. இடமிருந்து வலமாகச் சுருதி ஏறுகிறது. மேலிருந்து கீழாக உரப்பு ஏறுகிறது, ஆகவே கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குக் கேட்டல் குறைவு. 0 டெசிபெல் என்பது ஒலியே இல்லாத நிலையன்று. காது நன்றாக உள்ள இளவயதினர் சராசரியாகக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அளவு அது. அம்மாவின் வலது காதில் 500 ஹேர்ட்ஸில் 25, 1000 இல் 30, 2000 இல் 50, 4000 இல் 65 டெசிபெல் என்று கோடு சரிந்து சென்றது. இவற்றின் சராசரி 42.5, உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் தந்திருக்கும் வகைப்பாட்டின்படி 35க்கும் 50க்கும் இடைப்பட்ட இந்த அளவு நடுத்தரக் குறைபாடு. இந்த எண்ணை நூற்றுவீதமாக எடுத்துக்கொண்டு, "காது 42 வீதம் போய்விட்டது" என்று உறவினர்களிடம் சொல்லிவிட வேண்டாம். டெசிபெல் வேறு, வீதம் வேறு.

அந்தச் சரிவுக்குள்தான் அம்மாவின் வரி இருந்தது. கடை, சடை, தடை, படை என்ற நான்கு சொற்களையும் சொல்லிப் பாருங்கள். நான்கிலும் உயிரொலிகள் ஒன்றே. அவை தாழ்ந்த சுருதியில் உரத்து ஒலிப்பவை, சத்தம் கேட்கிறது என்று சொல்ல வைப்பவை. நான்கையும் வேறுபடுத்துவது முதலில் வரும் மெய்யொலி மட்டுமே. அது மெல்லியது, கணநேரமே நிற்பது, சடையின் முதலெழுத்தைப் போன்றவற்றில் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில் இருப்பது. நத்தைக்கூட்டைப் போலச் சுருண்ட உட்காதின் வாயிற்பகுதி உயர்ந்த சுருதிகளையும், உச்சிப்பகுதி தாழ்ந்த சுருதிகளையும் உணர்கின்றன. ஒலி அலை அதற்குள் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைக் கண்டறிந்தமைக்காகவே ஜோர்ஜ் வொன் பெக்கேசிக்கு 1961இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. முதுமையிலும் பேரொலியாலும் முதலில் கெடுவது அந்த வாயிற்பகுதியின் உணர்கலங்கள். மனிதரில் அவை மீண்டும் வளர்வதில்லை. ரயில் கேட்பதும் பேத்தியின் பேச்சு நழுவுவதும் ஒரே காரணத்தால்தான். உரத்துக் கத்தினால் உயிரொலிகளே மேலும் உரக்கின்றன, தேவையான மெய்யொலி தெளிவாவதில்லை. முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுவதே உதவுகிறது.

இடது காதின் கோடு 4000 ஹேர்ட்ஸில் 75 வரை இறங்கி, 8000 இல் 65க்கு மீண்டும் ஏறியிருந்தது. பேரொலியால் பாதிக்கப்பட்ட காதுகளில் இத்தகைய பள்ளம் காணப்படுவது வழக்கம் என்றும், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த ஷெல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் நிபுணர் சொன்னார். அம்மா அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

எல்லாம் முடிய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆனது. கேட்கும் கருவி விற்கும் இடங்களில் இலவசமாகச் செய்யப்படும் பரிசோதனைகள் எல்லாமே தவறானவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒலி புகாத அறை இல்லாமல், எலும்பு வழிப் பரிசோதனை செய்யாமல், பத்தே நிமிடங்களில் விலைப்பட்டியலை நீட்டினால் எழுந்து வந்துவிடுவதே நல்லது. அரச வைத்தியசாலைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகளில் காத்திருக்க வேண்டியிருந்தாலும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு காதின் கேட்டல் திடீரென ஒரு நாளுக்குள் அல்லது மூன்று நாட்களுக்குள் போய்விட்டால் மட்டும் எந்த வரிசைக்காகவும் காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும், ஏனெனில் சிகிச்சை பலிக்கும் காலம் மிகக் குறுகியது. பொத்தானை அழுத்தத் தெரியாத கைக்குழந்தைகளுக்கு, உறக்கத்திலேயே உட்காதின் எதிரொலியையும் நரம்பின் மின்சமிக்ஞையையும் அளக்கும் வேறு முறைகள் உண்டு.

ஓடியோகிராமின் பிரதியைக் கேட்டு வாங்கி, அம்மாவின் இரத்த அறிக்கைகள் இருக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். புறப்படும்போது அம்மா, தாம் தவறவிட்ட ஆறு சொற்களும் எவை என்று நிபுணரிடம் கேட்டார். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். ஆறும் அவருக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள்.