தணிகைப் படிகளில் எங்கள் ஒரு வருஷம்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த கணக்குதான், ஆனால் ஏறும்போது ஒருநாளும் அதை நினைத்ததில்லை. இந்த முறை டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவுக்குப் போனபோதுதான், அந்தக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டே ஏறினோம். நான், கணவர், மகள், மகன், அப்புறம் அண்ணன். அப்பாவையும் அம்மாவையும் வண்டியில் மலைப்பாதை வழியாக மேலே அனுப்பிவிட்டோம்.

இந்தப் படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலேயர் ஆட்சியில் புத்தாண்டு என்றால் வெள்ளைக்கார துரைமார்களைப் பார்த்து வாழ்த்துச் சொல்லப் போவது வழக்கம். துரைகளுக்கெல்லாம் துரை தணிகை மலையில் இருக்கிறான், முதல் வணக்கம் அவனுக்கு என்று மக்களை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார் சுவாமிகள். அன்றிலிருந்து படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றி, பஜனைக் குழுக்கள் மலையேறுகின்றன. மஞ்சளும் குங்குமமும் இட்ட படிகளில் கால் வைக்கவே மனசு கூசும். ஓரமாகத்தான் நடந்தோம்.

அப்பா பல வருஷம் அந்தக் குழுக்களோடு சேர்ந்து பாடிக்கொண்டே ஏறியவர். தாளம் தப்பினால் முகம் சுருங்கிவிடும். பிப்ரவரி 10-ஆம் தேதி காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைவிடப் பெரிய அடி, பேச்சு போனது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, வார்த்தை வாய்க்கு வர மறுக்கிறது. தண்ணீர் கேட்கக்கூடக் கையைக் காட்டி, நமக்குப் புரியாமல் போனால் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடுவார்.

அந்த நாட்களில்தான் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "கூடவே இருந்த நீ பிரஷர் மாத்திரையைக் கவனிச்சிருக்க வேண்டாமா?" அதற்கப்புறம் நானும் அவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் வருவார், அப்பா பக்கத்தில் உட்காருவார், போவார். காபி கொடுப்பேன், முகம் பார்க்க மாட்டேன். பத்து மாசத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. திருத்தணிக்கு அவர் வந்ததுகூட அம்மா வற்புறுத்தியதால்தான்.

அடிவாரத்தில் மகன் போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தான். ஜனவரி 1 முதல் படி. அப்படியென்றால் பிப்ரவரி 10 எது? நாற்பத்தொன்று. அப்பா யாரையும் பிடிக்காமல் எழுந்து நின்ற மே 4, நூற்று இருபத்து நாலு. மகளுக்கு முதல் வேலைக்கான கடிதம் வந்த ஜூன் 19, நூற்று எழுபது. கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிய செப்டம்பர் 30, இருநூற்று எழுபத்து மூன்று.

நாற்பத்தொன்றாவது படியில் நான் நின்றுவிட்டேன். கற்பூரப் பொட்டலம் அண்ணன் கையில் இருந்தது. குனிந்து ஏற்றினார். காற்றில் அணைந்தது, கையை வளைத்து மறைத்து மறுபடி ஏற்றினார். நிமிராமலே, "நானும்தான் அந்த வாரம் முழுக்க அப்பாவுக்கு ஒரு போன் பண்ணலை" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சூரனோடு போர் முடித்த முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால்தான் இந்த மலைக்குத் தணிகை என்று பேர். அதனால் கந்த சஷ்டியில் மற்ற முருகன் தலங்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே கிடையாது. சுவாமிக்குப் பூவால் அர்ச்சனை நடக்கும். எத்தனையோ முறை கேட்ட தலவரலாறு. ஆனால் போருக்குப் போனவனுக்கும் உட்கார்ந்து தணிய ஓர் இடம் வேண்டியிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்கு மேல் ஏற ஏற இன்னொன்று கவனித்தேன். ஐந்து பேரும் சேர்ந்து யோசித்தும், "இது இன்ன நாள்" என்று எங்களால் சொல்ல முடிந்த படிகள் இருபதைத் தாண்டவில்லை. மற்ற முந்நூற்றுச் சொச்சம் படிகளில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அப்பாவின் கால் திரும்பியது அந்தப் படிகளில்தானே! அம்மா தினமும் காலையும் மாலையும் அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீவி மடக்கிப் பிரித்தது, மகன் தாத்தாவைச் சுவர் ஓரமாகப் பத்தடி, அப்புறம் பதினைந்தடி நடத்தியது, வேலை போன பிறகும் கணவர் விடிந்ததும் குளித்துக் கிளம்பி நாலு இடம் ஏறி இறங்கியது எல்லாம் பேர் இல்லாத அந்த நாட்களில்தான். மே 4-ஐ எல்லோரும் கொண்டாடினோம். மே 3-க்கு ஒரு கற்பூரம்கூட ஏற்றாமல் கடந்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. நாலு படி இறங்கி வந்து அதற்கும் ஒன்று ஏற்றினேன். மகள் என்னை விநோதமாகப் பார்த்தாள், பிறகு அவளும் வந்து பக்கத்தில் நின்றாள்.

கணவருக்கு இன்னும் நிலையான வேலை அமையவில்லை. இருநூற்று எழுபத்து மூன்றாவது படியில் அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

மேலே போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. நள்ளிரவு தரிசனத்துக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அப்பா கடைசிப் படிக்குப் பக்கத்தில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லையாம். எங்களுக்குப் பின்னால் ஒரு குழு பாடிக்கொண்டே ஏறி வந்தது. அப்பாவின் இடது கை தடியின் மேல் தாளம் போடத் தொடங்கியது. உதடு அசைந்தது. பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒருமுறை சொல்லியிருந்தார், பேச வராத சிலருக்குப் பழகிய பாட்டு வரும், பாடுவதற்கு மூளை வேறு வழியும் வைத்திருக்கிறது என்று. வீட்டில் எத்தனையோ முறை முயன்றோம், இரண்டு வரிக்கு மேல் வந்ததில்லை. இங்கே குழு பாடப் பாட, அவரும் சந்தம் பிசகாமல் முழுப் பாட்டையும் பாடினார். குரல் கரகரத்தது. வார்த்தை ஒன்றுகூட விடவில்லை.

அண்ணன் ஓடிப்போய் அவருடைய வலது தோளைத் தாங்கிக்கொண்டார். அம்மா கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்ற மறந்து நின்றாள்.

பாட்டு முடிந்தது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்து, "இன்னொண்ணு" என்றார்.

அண்ணன் அடுத்த பாட்டை எடுத்தார்.