பீலித் தண்ணி எங்கிருந்து வருது?

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே, நல்லதண்ணிக்குப் போகிற ரோட்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். நியமனக் கடிதத்தில் 'சுற்றாடல் கல்வி அலுவலர்' என்று இருந்தது. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், 'மரம் நடுற சார்'. கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வருஷக் கதையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கைவிட்ட தேயிலைச் சரிவு ஒன்று கிடைத்தது, மேலே காட்டு ஓரம், கீழே லயம். ஜூன் மழையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நா, கீன, வல் சப்பு என்று இருநூறு காட்டு மரக் கன்று நட்டோம். பேனர் இருந்தது, தோட்டத்துத் துரை வந்தார், பிள்ளைகளுக்கு மைலோ கொடுத்தோம், படங்களும் நன்றாக வந்தன. அடுத்த மார்ச்சில் போய்ப் பார்த்தால் சரிவு முழுக்கக் கெக்கில்ல. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது ஒரு பன்னம், கம்பிச்சுருள் மாதிரிப் பின்னிப் படர்ந்து நிலத்தை மூடிவிடும், அதற்குள் வேறு விதை விழுந்தாலும் வெளிச்சம் காணாது. அதை விலக்கி விலக்கித் தேடினதில் கிடைத்தது பெரும்பாலும் காய்ந்த குச்சி.

தப்பு எங்கே என்று பிறகுதான் விளங்கியது. மழைக்காட்டின் பெரிய மரங்கள் குஞ்சாக இருக்கும்போது தாய்மரத்தின் நிழலில் வளர்கிறவை, அவற்றைக் கொண்டுபோய் மொட்டை வெயிலிலும் காற்றிலும் நிறுத்தினால் என்ன செய்யும்? நா மரம் வேறு தாழ்நிலத்து ஈரக்காட்டு மரம். 1986-ல் தேசிய மரமாக அறிவித்தார்கள், அதனால் எங்கே விழா நடந்தாலும் அதையே நடுகிறோம், நாங்களும் நட்டோம். அதோடு இன்னொன்று. காட்டில் பொறுக்கிய விதைகளை ஒரு மாசம் அலுவலக அலுமாரியில் கடதாசிப் பையில் வைத்திருந்து நர்சரியில் போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. நெல், பயறு மாதிரிக் காயவைத்துச் சேமிக்கிற விதை இல்லை இவை, ஈரம் போனால் உயிர் போச்சு. விழுந்த சில நாட்களுக்குள் மண்ணில் இருக்க வேண்டும்.

அப்புறம் வழியை மாற்றினோம். சிங்கராஜ மழைக்காட்டு ஓரத்துப் பைனஸ் தோப்புகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் செய்துகாட்டிய வேலையைப் பற்றி வாசித்திருந்தேன். பைனஸ் வரிசைகளுக்கு இடையில் வெட்டி இடம் விட்டு, மிச்ச மரங்களின் நிழலிலேயே காட்டு மரங்களை வளர்த்தெடுத்திருந்தார்கள். எங்களிடம் பைனஸ் இல்லை. ஆனால் கெக்கில்லயை மட்டும் வெட்டி அள்ளினால் கெடும்ப, கெந்த என்கிற வேகமாக வளரும் மரங்கள் பறவை போட்ட விதையில் தானாகவே வந்து நின்றன, ரெண்டு வருஷத்தில் தலைக்கு மேல் நிழல். அதற்குக் கீழேதான் இரண்டாம் தடவை கீனயும் வல் சப்புவும் வைத்தோம். நட ஒரு நாள், களை பிடுங்க மூன்று வருஷம். களை பிடுங்கும்போது படம் எடுக்க யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் களை வேலைக்கு வந்தவர்களில் வயதான பாட்டி ஒருவர். பேர்ப்பதிவில் கைநாட்டு. என்னைக் கண்டாலே தலைச்சுமை விறகைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார், நான் வனத் திணைக்களத்து ஆள் என்ற பயம். 1940-இல் இருந்து சிவனொளிபாதமலைக் காடு சரணாலயம், 2010-ல் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் காடுகளோடு சேர்ந்து உலக மரபுரிமை. கடதாசியில் எல்லாம் அழகுதான். லயத்தில் அதற்கு ஒரே அர்த்தம், விறகு பொறுக்கினால் தண்டம்.

ஒரு நாள் பிள்ளைகளுக்கு மரங்களின் பேர் சொல்லிக்கொடுக்க முயன்றேன். சிங்களப் பேர் தெரியும், இலத்தீன் பேர் பாடமாக இருந்தது, தமிழில் பாதிக்கு மேல் பேரே இல்லை. வெள்ளைக்காரன் தமிழ்நாட்டில் இருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்தது காட்டை வெட்டவும் கோப்பி வைக்கவும். 1869-ல் இலைத்துரு நோய் வந்து கோப்பி செத்தது, அதே நிலத்தில் தேயிலை வந்தது. உச்சியில் மிச்சம் இருக்கிற காட்டுக்கு ஒரு காரணம், 5,000 அடிக்கு மேல் வெட்ட வேண்டாம் என்று 1873-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து ஹூக்கர் சொன்ன ஆலோசனை. வெட்டுகிற மரத்துக்கு யார் பேர் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பாட்டி பின்னால் இருந்து, "தம்பி, அது வெடிக்கிற மரம். அடுப்புல போட்டா பொறி பறக்கும். அந்தா நிக்குதே, அது கண்ணெரிச்சல். புகைஞ்சுகிட்டே கெடக்கும்" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் வைத்திருந்தார். எது எப்போது பழுக்கும், எந்தப் பழத்துக்குக் குரங்கு இறங்கி வரும் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். நான் ஒரு மாசம் அலுமாரியில் விதை வைத்திருந்த ஆள்! அதற்குப் பிறகு எங்களுக்கு விதை நாள் சொன்னவர் அவர்தான்.

வகுப்பையும் மாற்றினேன். படம் காட்டுவது, பள்ளிக்கூடச் சுற்றாடல் முன்னோடிச் சின்னம் குத்துவது எல்லாம் ஒரு பக்கம் நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, "உங்க பீலித் தண்ணி எங்கிருந்து வருது?" என்று ஒரே கேள்வி கேட்டேன். பீலி என்றால் லயத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற பொதுக் குழாய். டாங்கியில் இருந்து என்றார்கள். டாங்கிக்கு? குழாயில் இருந்து. சரி, குழாயைப் பிடித்துக்கொண்டே நடப்போம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். கறுப்புக் குழாய் தேயிலைக்குள் போகிறது, கானைத் தாண்டுகிறது, ஒரு இடத்தில் கிழிந்து சைக்கிள் டியூப்பால் கட்டியிருக்கிறது, அட்டை கடிக்கிறது, ஒரு பையன் விழுந்து எழும்பினான். கடைசியில் காட்டுக்குள், பாசி பிடித்த வேர்களுக்கு நடுவில் கையகல ஊற்று. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. காடு மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிறது, களனி கங்கையே இந்த மலைகளில்தான் தொடங்குகிறது என்று நான் மூன்று வருஷம் பலகையில் எழுதியதெல்லாம் அந்த ஊற்றுக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒரு சிறுமி மட்டும், "சார், வறட்சியில பக்கத்துத் தோட்டப் பிரிவுல பீலி காயுது, நம்மள்ல காயல்ல, இதுக்குத்தானா?" என்றாள்.

எல்லாம் இப்படி நல்லபடி முடியவில்லை. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பிகளை நாங்கள் எடுத்தால் மறுவாரம் மறுபடி இருக்கும். 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிக் கம்பியில் மாட்டி, உடவளவையில் இருக்கிற வனவிலங்குச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது. அந்தக் கிழமை தோட்டத்துக்குள் போகவே மனம் வரவில்லை. ஆனால் மரக்கறிப் பாத்தியை ஒரே ராத்திரியில் பன்றிக்குக் கொடுத்தவனிடம் என்ன சொல்வது என்பதற்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை.

அப்புறம் 2022, நாட்டின் பொருளாதார நெருக்கடி. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, டவுன் ஆட்களும் கத்தியோடு காட்டு ஓரத்துக்கு வந்தார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலாறுக் கிளைகளில் ஒரு குச்சி மிச்சமில்லை. ஒரு காலை எங்கள் சரிவுக்குப் போனேன். கெடும்ப மரங்களில் பாதியைக் காணோம். கீழே நின்ற கீனயிலும் வல் சப்புவிலும் ஒரு வெட்டு இல்லை. பாட்டி அடுப்படியில் இருந்தார், வாசலில் கெடும்பக் கட்டை.

"கோவிக்காதீங்க தம்பி. அது தானா மொளைக்கிறது, திரும்பவும் மொளைக்கும். மத்ததுல கை வைக்கக் கூடாதுன்னு புள்ளைகள காவலுக்கு நிப்பாட்டினேன்."

தேத்தண்ணி ஊற்றித் தந்தார், குடித்தேன். அந்த மாச அறிக்கையில் 'இழப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, வெட்டுப்பட்ட மரங்களின் எண்ணிக்கையை அதில் போட வேண்டும். ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன். கொழும்பில் இருந்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை.